கடன் சீட்டும் மருந்துச் சீட்டும்



குடிநோய்க்குச் சிகிச்சை முடிந்து ஒருவர் திரும்பி வரும் நாளுக்காக அந்த வீடு எவ்வளவோ காத்திருக்கிறது. குலசாமிக்கு நேர்ந்துகொண்டிருப்பார்கள். பிள்ளைகள் அப்பாவின் முகத்தைத் தயங்கித் தயங்கிப் பார்ப்பார்கள். மகன் கை நடுங்காமல் சோறு பிசைவதை அம்மா பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு நாள் போகும். மூன்றாம் நாள் காலையில் வாசலில் ஒரு பைக் வந்து நிற்கும். “அண்ணே, வந்துட்டீங்கன்னு சொன்னாங்க, அதான் பாத்துட்டுப் போலாம்னு…” தண்டல்காரர் மரியாதையாகத்தான் ஆரம்பிப்பார். அணைத்து வைத்திருந்த கைபேசியைத் திறந்தால் லோன் ஆப் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். உள்ளே உடம்பு தேறிக்கொண்டிருந்த அதே நாட்களில் வெளியே வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது அந்தக் காலைப்பொழுதைப் பற்றித்தான். குடியின் கேட்டை நம் பத்திரிகைகள் எழுதாத ஆண்டில்லை. கந்துவட்டிக் கொடுமையையும் எழுதியிருக்கிறோம். இரண்டும் ஒரே ஆளின் தலையில் ஒரே வாரத்தில் வந்து இறங்கும்போது அவர் என்ன செய்வார், அவர் மனைவி என்ன செய்வார் என்று பேசியது குறைவு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பத்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். ரூ.10,000 வாங்கியவர் மாதம் ரூ.1,000 கட்டுவார். பத்து மாதத்தில் வாங்கிய அளவுக்கே கட்டி முடித்திருப்பார். அசல் அப்படியே நிற்கும். தண்டல் பார்ப்பதற்கு இதைவிடச் சாது. ரூ.10,000 கடனில் ரூ.1,500 பிடித்துக்கொண்டு ரூ.8,500 கையில் தருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். நூறு ரூபாய்தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்து வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இதுவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம். பத்து வட்டிக்கு இளைத்ததில்லை. லோன் ஆப்களில் மோசமானவை இன்னும் துணிந்தவை. ரூ.5,000 என்று சொல்லிவிட்டு ரூ.3,500 அனுப்பி, ஏழாம் நாள் முழு ஐயாயிரத்தையும் கேட்டால், அது ஒரே வாரத்துக்கு 43 சதவீத வட்டி. ஆண்டுக்கு என்று பார்த்தால் இரண்டாயிரம் சதவீதத்தைத் தாண்டும். எந்தக் கூலியிலும் எந்தச் சம்பளத்திலும் இதைக் கட்டி மீள முடியாது. ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்குவதுதான் வழி என்று ஆகிவிடும்.

இனி உடம்பின் கணக்கு. குடியை நிறுத்திய முதல் வாரங்களில் தூக்கம் வராது. சின்னச் சொல்லுக்கும் கோபம் வரும். மனசு ஒரு வேலையில் நிற்காது. மூளை பழைய நிதானத்துக்கு வர மாதக் கணக்கில் ஆகும். (ஆண்டுக் கணக்காகக் குடித்தவர் வீட்டில் தானாகவே சட்டென்று நிறுத்துவது ஆபத்து, வலிப்பு வரலாம், நினைவு பிறழலாம். செலவுக்குப் பயந்து அப்படி முயல்பவர்கள் இருப்பதால் இடையில் இதைச் சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குப் பணம் கேட்பதில்லை.) தேறி வருபவருக்கு எல்லாவற்றையும்விட வேண்டியது நாட்கள்: அவசரமில்லாத, யாரும் கதவைத் தட்டாத நாட்கள். தினத் தவணையும் வாரத் தவணையும் அவரிடமிருந்து பிடுங்குவது அதைத்தான். தெருவில் நாலு பேர் கேட்க வசூல்காரர் பேசிவிட்டுப் போன மாலையில் அந்தக் கால்கள் டாஸ்மாக் பக்கம் திரும்பினால், அவருக்கு மன உறுதி இல்லை என்று ஊர் சொல்லும். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஆன்லைன் ரம்மியில் விழுந்தவர்களின் பாடு இன்னும் சிக்கல். குடித்தவருக்குக் கடன் ஒரு துன்பம். ஆடியவருக்கோ கடனே ஆடத் தூண்டும் காரணம். இருபதாயிரம் உடனே வேண்டும், இருபதாயிரத்தை ஒரே இரவில் தரக்கூடியதாக அவர் அறிந்த இடம் ஒன்றுதான். விட்டதைப் பிடித்துவிடலாம் என்ற நினைப்பு அங்கிருந்துதான் எழுகிறது. தமிழ்நாடு 2022-இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவற்றுக்கான தடையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் ஆட்டத்தை நிறுத்தலாம். ஆடுவதற்காக வாங்கிய கடன் எந்தச் சட்டத்தோடும் போய்விடவில்லை. இன்றும் பல இளைஞர்கள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மனைவிமாரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குடித்தவர் அவர், கையெழுத்துப் போட்டவர் பல வீடுகளில் இவர். கணவரை நம்பிக் கடன் தர ஆளில்லாத நிலையில் குழுக் கடன் இவர் பெயரில் வரும். வாரக் கூட்டத்தில் தவணைப் பணம் இல்லாமல் உட்கார்ந்தால், இவருக்காக மற்ற பெண்கள் கட்ட வேண்டியிருக்கும். அந்தப் பார்வையைத் தாங்கும் முதுகு இவருடையது. கணவர் சிகிச்சையில் இருந்தபோது தண்டல்காரரிடம் தவணை கேட்டவரும் இவர்தான். அவர் திரும்பி வந்ததும் எல்லாக் கடனையும் ஒரேயடியாக அடைத்துவிட்டால் நிம்மதியாக இருப்பார் என்று, மிச்சமிருக்கும் தாலிச் சங்கிலியை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவார். அம்மாவும் அப்பாவும் நிலத்தை விற்று இதையே செய்வதுண்டு.

அன்பால் செய்வதுதான். ஆனாலும் தடுத்துச் சொல்கிறேன். யாரோ வந்து ஒரே நாளில் கடனைத் துடைத்துவிட்டால், தேறுகிறவர் அந்தச் சுமையைத் தொட்டுத் தூக்கவே இல்லை என்று ஆகிறது. புதிதாகக் கடன் வாங்கும் தெம்பும் திரும்பி வந்துவிடுகிறது. சூதாட்டத்திலிருந்து மீள்பவர்களின் ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ அமைப்பு 1957-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர் சில வாரம் நிலைத்ததும், அவரையும் வாழ்க்கைத் துணையையும் உட்கார வைத்து, மூத்த உறுப்பினர்கள் கடன்களை ஒன்றுவிடாமல் எழுதச் சொல்வார்கள். குடும்பச் செலவுக்கு முதலில் ஒதுக்குவார்கள். மிஞ்சுவதை எல்லாக் கடன்காரர்களுக்கும் சிறிது சிறிதாகப் பிரித்து, ஆண்டுகள் ஆனாலும் அவரே கட்டும்படி திட்டம் போடுவார்கள். அவசரப்பட்டு அடைக்க வேண்டாம் என்றே சொல்வார்கள். நம் ஊருக்கு இது அப்படியே பொருந்தும் என்று தோன்றுகிறது.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், சென்னையில் 1980-இல் சிகிச்சைக்கான ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுதான் இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறிவது. குடித்தவரோடு அவருடைய குடும்பத்தையும் சிகிச்சைக்குள் அழைத்து வந்தது அவர்கள் செய்த பெரிய காரியம். அதே வழியில் இன்னும் ஓர் அடி வைக்கலாம் என்பதுதான் என் வேண்டுகோள். ஒவ்வொரு மீட்பு மையமும், அரசு தொடங்கியிருக்கும் ‘கலங்கரை’ மையங்கள் உட்பட, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் கடனைப் பற்றிக் கேட்க வேண்டும். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, என்ன எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்? மருந்துச் சீட்டோடு இந்தச் சீட்டும் அவர் கையில் இருக்க வேண்டும்.

மையம் கேட்காவிட்டால் நீங்களே எழுதலாம். முதலில் நடுங்குவது கை இல்லை, மனசு. மனைவியிடம்கூடச் சொல்லாத கடன் ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அதையும் எழுதுங்கள். மறைத்த கடன் ஒருநாள் அழைப்பு மணியாக வந்தே தீரும். அந்த நாளில் குடிக்கும் ஆபத்து கூடுதல். பிறகு ஏடிஎம் கார்டையும் கைபேசியின் பணச் செயலிகளையும் சில மாதங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். சம்பள நாள்தான் வழுக்கும் நாள். அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து ஆகியவற்றுக்கு எடுத்து வைத்த பின் மிஞ்சுவதே கடனுக்கு. கையில் நகை இருந்தால், கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ குறைந்த வட்டிக்கு வைத்து, ஆளை விழுங்கும் ஒரு கந்துவட்டிக் கடனை மட்டும் முற்றாக முடிக்கலாம். அதையும் வீட்டார் நேரில் போய்க் கட்டி, எழுதிக் கொடுத்த புரோ நோட்டையும் செக்கையும் கையோடு வாங்கி வர வேண்டும். பணத்தைத் தேறுகிறவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். அவரை நம்பாததால் சொல்லவில்லை. அவருக்கு அந்தச் சோதனை இப்போது தேவையில்லை. புதிய கடன், பழைய கடனுக்காகவே என்றாலும், லோன் ஆப்பில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சட்டம் தங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது என்பது தெரியாமலே பலர் பயந்து ஒடுங்குகிறார்கள். கடனைத் திருப்ப முடியாமல் போவது மட்டுமே குற்றம் ஆகாது. அது உரிமையியல் வழக்கு. நிரப்பாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது பணமின்றித் திரும்பினால் குற்றவழக்கு வரலாம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறையும் ரூ.30,000 வரை அபராதமும் உண்டு. உரிய தொகையைக் கடனாளி நீதிமன்றத்தில் கட்டவும் அது வழி வைத்திருக்கிறது. அரசே மதுக்கடைகளை நடத்தத் தொடங்கியதும் அதே 2003-இல்தான். ஒன்று ஊர்தோறும் வேர்விட்டது. மற்றதைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள்.

2017 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக்கு ஒரு தொழிலாளியின் குடும்பமே பலியானது. கணவர், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள். முன்பே மனுக்கள் கொடுத்திருந்தார்கள். சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதை எழுதும்போதும் என்னால் அந்தக் குழந்தைகளைக் கடந்து அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

லோன் ஆப்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் வகுத்தது. கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் ஆப் தொடக்கூடாது. மொத்தச் செலவை ஆண்டு விகிதத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது. இந்த விதிகளை மதிக்காத ஆப், படத்தை மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவதாக மிரட்டினால், வெட்கப்பட்டுப் பணம் அனுப்பாதீர்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவை அழையுங்கள். உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு வரி சொல்லிவிட்டால் மிரட்டலுக்குப் பல் போய்விடும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்கள் வருமானக் கணக்குக் காட்டாமலே அங்கே இலவச உதவி பெறலாம்.

பிரிட்டனில் குறுகிய காலக் கடன் நிறுவனங்கள் கொழுத்திருந்த காலம் ஒன்று உண்டு. 2015 ஜனவரியில் அங்கே உச்சவரம்பு வந்தது: வட்டியும் கட்டணமும் நாளொன்றுக்கு 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எவ்வளவு காலம் இழுத்தாலும், வாங்கிய தொகைக்கு மேல் இன்னொரு மடங்கு கேட்கக்கூடாது. 2021 மே முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் மூச்சுவிடும் இடைவெளி என்ற பெயரில் ஓர் ஏற்பாடு நடக்கிறது. கடன் ஆலோசகர் வழியே பதிவு செய்தால் 60 நாள் வட்டியும் வசூலும் நிற்கும். மனநல நெருக்கடியில் சிகிச்சை பெறுபவருக்கு, சிகிச்சை முடியும் வரையும் அதன்பின் 30 நாளும் நிற்கும். கடன் தள்ளுபடி ஆகாது. தேறும் வரை கதவு தட்டப்படாது, அவ்வளவே. நம் நாட்டில் சாமானியருக்கு இப்படி ஓர் இடைவெளி கிடையாது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்க 2025-இல் சட்டம் இயற்றிய தமிழ்நாட்டால் இதையும் யோசிக்க முடியும். சட்டமன்ற உறுப்பினர்களில் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் இருந்தால், அவர்களிடம் கேட்கிறேன்: சிகிச்சையில் இருப்பவருக்கு மூன்று மாத இடைவெளி தர என்ன தடை?

இந்தப் பாதையில் நடந்து வந்தவர்கள் நம் வாசகர்களில் நிச்சயம் இருப்பீர்கள். எந்தக் கடனை முதலில் முடித்தீர்கள், யாரிடம் முதலில் சொன்னீர்கள், வாசலில் நின்றவரிடம் என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். பெயரும் ஊரும் போட மாட்டோம். அடுத்த இதழ்களில் அதற்கென இடம் வைத்திருக்கிறோம். இன்றிரவே தாங்க முடியாமல் இருப்பவர்கள் எழுதக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை இரவும் பகலும் தமிழில் பேசும். போதை மீட்புக்கு 14446, தமிழ்நாட்டின் உதவி எண் 104. மூன்றுக்கும் காசு கிடையாது.

அன்புடன்,
ஆசிரியர்