இன்முகம் விலைப்பொருளோ?

வலப்பனை லயமொன்றிற் பிறந்து, கொழும்பில் இலிகிதராய் அமர்ந்த என் பழைய மாணவி அண்மையில் வந்தாள். “வாடிக்கையாளர் சரசமாடினாலும் சிரித்துவை என்கிறார் முகாமையாளர், ஐயா, சிரித்தாலோ உடன் வேலை செய்வோர் பொறாமையாற் புறங்கூறுகின்றனர்” என்றாள்.

வள்ளுவர் முகமலர்ச்சியை விருந்தோம்பலுக்கு உரித்தாக்கினார், வாணிகச் சரக்காக்கினாரல்லர். இருவர் மனமொத்த சரசம் வேறு. வேலைக்கு அஞ்சிப் பொறுக்கும் தொல்லை வேறு. பின்னதை நம் தண்டனைச் சட்டக்கோவையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கிற்று. ஐந்தாண்டுவரை சிறையும் விதிக்கலாம். சர்வதேசத் தொழில் தாபனத்தின் 190ஆம் இலக்கச் சமவாயமோ (2019), வெளியாரால் நேரும் தொல்லையையும் கருத்திற் கொண்டது.

சட்டமிருந்தும் அவள் வாய் திறந்திலள். ஏன்? முறையிட்டால் வேலை போம்; போனால் லயத்தில் அடுப்பெரியாது. ஆதலின் முதற்கடன் முகாமையாளருடையது. அடுத்தது, புறங்கூறுவதை விடுத்து அவளுக்காகச் சான்றுரைக்கவேண்டிய உடனுழைப்போருடையது அன்றோ?