முடித்தவரும் நின்றவரும்



சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறன்று விடாமுயற்சியைப் பற்றி மறையுரை ஆற்றினேன். ஓட்டப் பந்தயத்தை வாழ்வுக்கு உவமையாக்கியவர் புனித சின்னப்பர். அவர் வழியில் நானும் நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவரை எடுத்துக்காட்டினேன்.

1968-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. தொலைவு 42 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நகரமோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது; இழுக்கும் மூச்சில் பிராணவாயு குறைவு. தான்சானியா நாட்டவரான ஜான் ஸ்டீபன் அக்வாரி வழியில் விழுந்தார். முழங்கால் மூட்டுப் பிசகிற்று, தோளிலும் அடி. கட்டுப் போட்டுக்கொண்டு மீண்டும் ஓடினார். முதல்வர் கோட்டைக் கடந்து ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆன பின், இருள் சூழ்ந்த வேளையில், நொண்டியபடியே அரங்கத்தினுள் நுழைந்தார். ஓட்டத்தை முடித்த 57 பேரில் அவரே கடைசி. ஏன் விட்டுவிடவில்லை என்று வினவியவர்களிடம், தொடங்குவதற்காக அன்று, முடிப்பதற்காகவே தம் நாடு தம்மை அனுப்பியது என்றார்.

அத்துடன் நான் நிறுத்தியிருக்கலாம். பாதியில் நிற்பவன் தன்னை அனுப்பியவர்களுக்குத் துரோகம் செய்கிறான் என்றும் முழங்கினேன்.

அன்று மாலை ஒரு தாய் பங்குமனைக்கு வந்தார். பொறியியல் மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன், சிறுநீரக நோயால் படிப்பை நிறுத்தி வீடு திரும்பியிருந்தான். ஆறு மாதமாகத் தந்தை அவனிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. "சாமி, பூசையில் நீங்கள் அதைச் சொன்னபோது, அவர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து கண்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியவன் இன்னும் சாப்பிடவில்லை" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. அதே பந்தயத்தில் ஓடிய வேறொருவரின் வரலாறும் எனக்குத் தெரியும். என் மறையுரைக்கு உதவாது என்று அதை விட்டுவிட்டேன்.

அவர் எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா. 1960-இல் உரோமை நகரில் வெறுங்காலோடு ஓடி வென்றவர். 1964-இல் குடல்வால் அறுவை நடந்து ஆறு வாரங்கள்கூட ஆகாத நிலையில் டோக்கியோவிலும் வென்றவர். ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற முதல் மனிதர் அவரே. அத்தகையவர் மெக்சிகோவில் காலில் ஏற்பட்டிருந்த காயத்தால் ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் நின்றுவிட்டார். மறு ஆண்டு கார் விபத்தில் முதுகெலும்பு பழுதுற்றது. பின்னர் அவர் நடக்கவே இல்லை. ஆனால் 1970-இல் இங்கிலாந்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார். 1973-இல் தமது 41-ஆம் வயதில் காலமானார். அடிஸ் அபாபாவில் ஒரு விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைத் துரோகி என்பார் உண்டோ?

மறுநாள் அந்த வீட்டுக்குச் சென்றேன். தந்தையையும் மகனையும் ஒருங்கே அமர்த்தி, நேற்று நான் பாதியைத்தான் சொன்னேன் என்று கூறி, மீதியைச் சொன்னேன். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் தந்தை, "நாற்காலியில் இருந்துகொண்டே அம்பு விட்டாரா, சாமி?" என்று கேட்டார். "ஆம்" என்றேன். அவர் எழுந்து உள்ளே சென்று, மகனுக்குரிய மாத்திரையையும் தண்ணீரையும் தாமே கொண்டுவந்து கொடுத்தார்.

மனம் தளர்ந்து நிற்பது வேறு. கால் முறிந்து நிற்பது வேறு. முன்னவனுக்கு அக்வாரியின் கதையைச் சொல்லுங்கள். பின்னவனுக்கு அது சவுக்கடி. அவனுக்கு வேண்டியது பிக்கிலாவின் கதை. எவர் எந்த நிலையில் நிற்கிறார் என்பதைத் திண்ணையிலிருந்து பார்ப்பவர் அறிய முடியாது. அருகில் சென்று கேட்பவரே அறிவர். படிப்பையோ வேலையையோ பாதியில் விட்டு வந்த பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். "ஏன் நின்றாய்?" என்பதற்குமுன் "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள்.

கோயிலில் ஊரறியச் சொன்ன பிழையை ஊரறியவே திருத்த வேண்டும். அதற்காகவே இம்மாதம் இதை எழுதினேன்.