ஓ.டி.பி. வராமல் ஜனங்கள் தவிப்பு! நெரிசலுக்குக் காரணம் என்ன?

"நம்பர் இன்னும் வரலையே!" 2021 ஏப்ரல் 28-ந் தேதி மாலை நாடெங்கும் இதே புலம்பல்தான். 18 முதல் 44 வயது வரை உள்ளவர்கள் கொரோனா தடுப்பூசிக்குப் பெயர் கொடுக்க "கோவின்" தளத்தை மாலை 4 மணிக்குத் திறந்தார்கள். திறந்ததுமே தளம் திணறியது. ஓ.டி.பி. வராமல் பலர் தவித்தனர்.

வினாடிக்கு 740

முதல் 3 மணி நேரத்தில் 80 லட்சம் பேர் பதிவு செய்ததாக மத்திய அரசு அறிவித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். என்றாலும் வினாடிக்கு சுமார் 740! இதே கூட்டம் நாள் முழுக்கப் பரவி வந்திருந்தால் வினாடிக்கு 93தான்.

தினசரி கணக்கை நம்பி ஏற்பாடு செய்தால் வரும் ஆபத்து இதுதான். வருஷ வியாபாரத்தை 365-ஆல் வகுத்து, தீபாவளிக்கு முதல் நாள் கடையில் ஆள் போட்டால் என்ன ஆகும்?

செல்லாக்காசு

எஸ்.எம்.எஸ். போகும் பாதைக்கு, வினாடிக்கு இத்தனைதான் என்று அளவு உண்டு. மிஞ்சியவை வரிசையில் நிற்கும். ஓ.டி.பி.க்கு ஆயுளோ சில நிமிடம். தாமதமாக வந்தால் செல்லாக்காசு. பொறுமை இழந்தவர் மறுபடி பட்டனைத் தட்டுவார். ஒன்று இரண்டாகும், நெரிசல் இன்னும் முற்றும்.

பாதை காலியாக இருந்தாலும் வேறு இடத்தில் சிக்கல் வரலாம். 2021 மார்ச் 8-ந் தேதி, முன்கூட்டிப் பதிவு செய்த வாசகத்தோடு ஒத்துப்போகாத வியாபார எஸ்.எம்.எஸ்.களைத் தடுக்கும் முறை அமலுக்கு வந்தது. பேங்க் ஓ.டி.பி.களும் மாட்டிக் கொண்டன. பணம் அனுப்ப முடியாமல் ஜனங்கள் அவதிப்பட்டனர். மறுநாளே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) அந்த முறையை 7 நாள் நிறுத்தி வைத்தது.

என்ன வழி?

கூட்டம் உச்சத்தில் இருக்கும் நிமிடத்தை வைத்து அளவு எடுக்க வேண்டும். விளம்பர எஸ்.எம்.எஸ்.களை ஓ.டி.பி. போகும் பாதையில் விடக்கூடாது. ஒரு கம்பெனி பாதை அடைத்தால் இன்னொரு கம்பெனி பாதை தயாராக இருக்க வேண்டும். "மறுபடி அனுப்பு" பட்டன் அரை நிமிடமாவது பூட்டியிருக்க வேண்டும். வாசகங்களை முன்கூட்டியே பதிந்து சரிபார்க்க வேண்டும்.

"அனுப்பிவிட்டோம்" என்று கம்பெனிகள் கைகழுவினால் போதுமா? நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டாமா? டிக்கெட்டும் பணமும் ஊசியும் அந்த ஒரு நம்பரில்தானே தொங்குகின்றன!