ஆளுக்கு ஒரு ஓட்டா, காசுக்கு ஒரு ஓட்டா?

முதலாளி இல்லை, பாங்கு இல்லை, சர்க்கார் இல்லை, சேர்ந்தவர்களே கூடி நடத்துகிறார்கள்! கிரிப்டோ நாணயங்களைப் பற்றி இப்படித்தான் பிரசாரம் நடக்கிறது. கேட்க இனிக்கிறது. ஆனால் சேர்ந்தவர்களுக்குள் தகராறு வந்தால் தீர்ப்பது யார்? 2016ல் எத்தீரியம் என்ற அமைப்பில் நடந்ததைப் பார்ப்போம்.

எத்தீரியத்தின் நாணயத்துக்குப் பெயர் ஈதர். அதன் கணக்குப் புத்தகம் ஓர் ஆபீசில் பூட்டிக் கிடக்கவில்லை. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி இருக்கிறது. எழுதியதை யாரும் திருத்த முடியாது, கம்ப்யூட்டரில் பதிந்த விதியே சட்டம் என்பதுதான் அதன் பெருமை.

அந்த ஆண்டு மே மாதத்தில் 'தி டாவ்' என்ற பொது நிதிக்கு 11,000 பேருக்கு மேல் பணம் போட்டார்கள். சுமார் 15 கோடி டாலர் பெறுமான ஈதர் குவிந்தது. ஜூன் 17ந் தேதி, விதியில் இருந்த ஓட்டை வழியே யாரோ 36 லட்சம் ஈதரை உருவிவிட்டார்கள். ஆனால் அதை எடுத்துச் செலவு செய்யச் சில வாரம் காத்திருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது.

உடனே இரண்டு கட்சி. "திருட்டுப் பணத்தை மீட்கக் கணக்கைத் திருத்து" என்றது ஒன்று. "இன்று இவர்களுக்காகத் திருத்தினால் நாளை யாருக்காகத் திருத்துவாய்?" என்றது மற்றொன்று. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நாம் கேட்பது வேறு: முடிவு செய்த முறை என்ன?

ஓட்டெடுத்தார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு அல்ல; ஒரு ஈதருக்கு ஒரு ஓட்டு! பத்து ஈதர்காரன் குரல் பத்து. லட்சம் ஈதர்காரன் குரல் லட்சம். திருத்தும் கட்சிக்கே பெரும் மெஜாரிட்டி. ஆனால் மொத்த ஈதரில் பத்தில் ஒரு பங்குகூட ஓட்டுக்கு வரவில்லை. ஜூலை 20ந் தேதி கணக்கு திருத்தப்பட்டது. ஒப்பாதவர்கள் பழைய கணக்கோடு 'எத்தீரியம் கிளாசிக்' என்று பிரிந்தார்கள்.

"பிடிக்காவிட்டால் பிரிந்து போகலாமே" என்கிறார்கள். உண்மை, மில் தொழிலாளிக்கு அந்த வசதிகூட இல்லை. ஆனால் பெரும்பணம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம்தான் நாணயத்துக்கு விலை. சிறியவனுக்கு இதில் என்ன சுதந்திரம்?

"ஒருவனே ஆயிரம் பெயரில் வருவான், தலையை எண்ண முடியாது, காசைத்தான் எண்ண முடியும்" என்பது அவர்கள் வாதம். கள்ள ஓட்டு மெய்யான பிரச்னைதான். அதற்காகப் பணக்காரனுக்கு ஓட்டை அள்ளிக் கொடுப்பதா பரிகாரம்? 2022 செப்டம்பரிலிருந்து கணக்கைச் சரிபார்க்கும் உரிமையும் ஈதரை ஈடு வைத்தவர்களுக்கே. ஒருவர் தனியாக அந்த இடத்தில் உட்கார 32 ஈதர் வேண்டும்!

1844ல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளும் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்பது அவர்கள் கண்ட விதி. கம்ப்யூட்டர் இல்லாத ஏழைகளுக்கு அந்த நியாயம் தெரிந்திருந்தது.

ஆகவே, "இது மக்கள் நாணயம், நீயும் சேர்" என்று யாராவது உங்கள் சேமிப்பைக் கேட்டு வந்தால், லாபம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "தகராறு வந்தால் எனக்கு எத்தனை ஓட்டு? பெரிய புள்ளிக்கு எத்தனை?" பதில் காசுக் கணக்கில் வந்தால், அங்கே முதலாளி இல்லை என்று நம்பாதீர்கள்.