எழுதும் வேளை

எழுத்தாளனுக்கு வேண்டியது யாது என்று மாணாக்கரைக் கேட்டால், கற்பனை என்பர் சிலர். மொழிப் புலமை என்பர் வேறு சிலர். வேளை என்று விடை கூறியவரை நான் இதுவரை கண்டிலேன். ஆயின், சம்பளத்துக்கு ஒரு தொழிலும், வீட்டில் மனைவி மக்களும், அடிக்கடி வெளியூர்ப் பயணமும் உடைய ஒருவன் எழுத முற்படும்போது முதலில் முட்டுப்படுவது அந்த வேளைக்கே.

நம் ஊவா மாகாணத்தவரான தெளிவத்தை ஜோசப்பை எடுத்துக்கொள்வோம். 1934ஆம் ஆண்டு பதுளைப் பகுதித் தோட்டமொன்றிலே பிறந்தவர். தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் கொழும்புக்குச் சென்று ஒரு நிறுவனத்திலே கணக்கு வேலை பார்த்தார். எழுத்து அவருக்குச் சோறு போட்ட தொழில் அன்று. எனினும் ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் நாவல் 1974இலும், ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதி 1979இலும், ‘மலையகச் சிறுகதை வரலாறு’ 2000இலும், ‘குடைநிழல்’ 2010இலும் நூலுருப் பெற்றன. 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022இல், தமது 88ஆவது வயதில், அவர் மறைந்தார். மேலே கண்ட ஆண்டுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நோக்குங்கள். பகலெல்லாம் பேரேட்டைப் புரட்டியவர் நாற்பது ஆண்டுகளுக்கு அந்தப் பேனையைக் கீழே வைத்துவிடவில்லை. ஒழுங்கு என்பதற்கு ஓட்டம் என்று பொருள் கொள்வாருக்கு இது விளங்குவது அரிது.

ஓட்டத்துக்கு உதாரணம் வேண்டுமாயின் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் இருக்கிறார். தபால் திணைக்களத்து உத்தியோகத்தர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்ந்து, கைக்கடியாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் மூன்று மணி நேரம் எழுதுவார். அவ்வேளையில் தம்மை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்கென்றே பணியாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் மிகையாகக் கொடுத்தாராம்! உத்தியோக நிமித்தம் ஊர் ஊராய்ச் சுற்றியபோது புகைவண்டியிலேயே பென்சிலால் எழுதினார். எகிப்து தேசத்துக்கு அனுப்பப்பட்டபோது அங்கே ஒரு நாவலை முடித்து, மறுநாளே அடுத்ததைத் தொடங்கினார். இந்த மறுநாள் விஷயம் மட்டும் எனக்கு உவப்பாயில்லை. அறுவடை முடிந்த வயலும் சில நாள் வெறுமனே கிடக்கத்தான் வேண்டும்.

அவர் பென்சிலால் எழுதியவற்றைப் பிறகு மையிலே பிரதி செய்தவர் அவருடைய மனைவியார் ரோஸ். நூலின் முகப்பிலோ கணவர் பெயர் ஒன்றே. எழுத்தாளனின் விடியற்கால அமைதிக்குப் பின்னால் யாரோ ஒருவர் குசினியில் ஓசைப்படாமல் பாத்திரம் எடுக்கிறார். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறார். ‘குடும்பத்தையும் எழுத்தையும் சமமாக நடத்துவது எப்படி?’ என்று கேட்பவர், அந்தச் சமத்தின் தட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்பதையும் சேர்த்துக் கேட்டல் நலம். இவ்வகையில் மலையகத்துக்கு நல்லதொரு முன்மாதிரி உண்டு. கோ. நடேசையர் பத்திரிகையும் தொழிற்சங்கமுமாகத் தோட்டந்தோறும் அலைந்த காலத்தில், அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தாமே பாட்டியற்றித் தாமே பாடித் தொழிலாளரிடம் சென்றார். அப்பாடல்கள் 1940இல் அவர் பெயரிலேயே நூலாகவும் வந்தன. அங்கே பயணமும் எழுத்தும் இருவருக்கும் பொது.

பயணம் எழுத்துக்குப் பகை என்பதை நான் ஒப்புக்கொள்ளேன். 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த நம் இருப்புப்பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளம். கொழும்பிலிருந்து வர ஒரு பகல் வேண்டும். தெமோதரையில் வண்டி தன் பாதைக்கு மேலேயே வளைந்து ஏறி இறங்கும் நேரத்தில் கொப்பியை மூடிவிட்டு வெளியே பார்ப்பதே உசிதம். குலுக்கலில் எழுத்துத் தேளாகவும் பூரானாகவும் போய்விடும். கேட்ட பேச்சு, கண்ட முகம், நிலையத்துப் பெயர் என்று குறிப்பு மட்டும் வண்டியில். வாக்கியம் வீட்டு மேசையில். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் வாரங்களில் எனக்கு அரைப் பக்கத்துக்கு மேல் ஓடாது. அந்த அரைப் பக்கத்தை மட்டும் விடுவதில்லை.

ஆனால் மேசை என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். பழைய லயக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளே சமையலும் படுக்கையும், பாட்டியின் இருமலும். அதிகாலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, அம்மா கொழுந்துக்குப் புறப்படுமுன் தம்பி தங்கையரைக் கவனித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் மாணவிக்கு ‘தினமும் எழுது’ என்று உபதேசம் செய்ய எனக்கு நாக்கு எழுவதில்லை. எங்கள் வகுப்பறைகள் பிற்பகலில் வெறுமையாய்க் கிடக்கின்றன. பெண்பிள்ளை பாடம் முடிந்தபின் ஒரு மணி நேரம் அங்கிருந்து எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவதற்குப் பெற்றோர் இசைவதும், அந்த மணி நேரம் ஆசிரியர் ஒருவர் உடனிருப்பதும் ஆகாத காரியங்கள் அல்ல. அன்று மாலைத் தண்ணீரைத் தம்பி பிடிக்கட்டும்.