கோபிக்குத் தடை, சாசேஜுக்கு டிபன் பாக்ஸ்!

2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது ஞாபகம் இருக்கிறதா மக்களே? சோதித்த 171 கோபி மாதிரிகளில் 107 தேறவில்லை. எங்கள் அபார்ட்மெண்டில் ஒரே கைதட்டல். "தள்ளுவண்டிப் பக்கமே போகாதே" என்று பிள்ளைகளுக்கு உத்தரவு வேறு. மறுநாள் காலை அதே பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் என்ன? ரோஸ் கலரில் சிக்கன் சாசேஜ். எங்கள் வீடும் சேர்த்திதான், மறைப்பானேன்.

லோன் பத்திரத்தில் பொடி எழுத்தைப் படியுங்கள் என்று தினமும் ஊருக்கு உபதேசிக்கிற நான், சாசேஜ் பாக்கெட்டின் பொடி எழுத்தைப் படித்தது ரொம்பத் தாமதமாகத்தான். ஐ.என்.எஸ். 250. அதாவது சோடியம் நைட்ரைட். கறியில் விஷக்கிருமி வளராமல் தடுப்பதும், வெந்த பிறகும் ரோஸ் கலரைக் காப்பாற்றுவதும் இதுதான். சட்டம் அளவோடு அனுமதிக்கிறது. ஆனால் வாணலிச் சூட்டிலும் வயிற்றுக்குள்ளும் இது கறியிலுள்ள அமீன்களோடு சேர்ந்து நைட்ரோசமைன்களாக மாறலாம். அவை செல்லின் டி.என்.ஏ.வையே சேதப்படுத்தக் கூடியவை. பெருங்குடல்தான் முக்கியமாக அடிவாங்கும் இடம்.

2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது. வட்டி போடுகிறவன் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நூறு பேரில் 18 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஏற்கனவே உள்ள அபாயம் 100 என்றால் 118 ஆகும், அவ்வளவே. சிகரெட்டும் அதே பிரிவு என்பதால் இரண்டும் சமம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் தப்பு. பிரிவு காட்டுவது ஆதாரத்தின் உறுதியை, ஆபத்தின் அளவை அல்ல.

அதற்காகத் தினமும் தின்னலாமா?

"பாட்டி உப்புக்கண்டம் போடலையா மாப்ளே?" என்கிறார் மச்சான். உப்பிட்டுக் காயவைத்த கறியும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆனால் பாட்டி குழம்புக்கு நாலு துண்டு போட்டாள். ஸ்கூல் வேன் வருமுன் தினமும் வறுத்து அடைக்கவில்லையே!

தள்ளுவண்டிக்காரர் சாம்பிள் எடுத்தால் மாட்டிக்கொள்கிறார். பாக்கெட்காரர் '250' என்று எறும்பு சைஸில் அச்சடித்துவிட்டுச் சட்டப்படி தப்பிக்கிறார். சிகரெட் பெட்டியில் படம் போடத் தெரிந்த நாட்டுக்கு, இதில் "தினமும் வேண்டாம்" என்று ஒரு வரி போடத் தெரியாதா?

எங்கள் வீட்டில் இப்போது முட்டைப் பொரியல். மகள் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை :-)