கடற்கரையைக் கேட்காமல் அணு உலைக்கு இடம் பார்ப்பதா?

இலங்கைக்கு அணுமின் நிலையம் வேண்டும் என்ற பேச்சு, ஆட்சிகள் மாறியும் ஓய்ந்தபாடில்லை. 13 மணித்தியால மின்வெட்டில் நாடு இருண்டு கிடந்த 2022ஆம் ஆண்டிலேதான் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு நமது ஆயத்தங்களை மதிப்பிட்டது. பிறகு ரஷ்யாவின் ரொசாட்டம் நிறுவனத்தோடு பேச்சு நடந்தது. இடங்களைப் பற்றிய செய்திகளில் புல்மோட்டையின் பெயரும் அடிபட்டது. அங்கே வாழும் மக்களின் கருத்தைக் கேட்பதற்கு முன்பே அவர்களின் கரையைக் குறித்து வைக்கும் இந்தப் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

புல்மோட்டை எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று அம்பாறைக் கரை இருந்துவிட முடியாது. வாடைக் காலத்தில் கிழக்குக் கடலின் நீரோட்டம் தெற்கு நோக்கித்தான் ஓடுகிறது. அங்கே கலப்பது இங்கே வரும். உல்லையில் வள்ளம் இறக்குபவனும் கல்முனையில் கரைவலை இழுப்பவனும் அதே கடலை நம்பித்தான் உலை வைக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26ஐ இந்தக் கரைக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது இங்கேதான். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மையவாடிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். அதே அலை கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்றும் கூடத்துக்குள்ளும் புகுந்தது. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது, அது உண்மைதான். ஆனால் 2011 மார்ச் 11இல் ஃபுகுஷிமாவில் அந்த அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. கடல் நீர் டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்தது, உலைகளைக் குளிர்விக்க வழியற்றுப் போனது, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு ஓடினார்கள். ஜப்பானால் தடுக்க முடியாததை நாம் தடுத்துவிடுவோம் என்று எந்த அமைச்சர் கையெழுத்திட்டுத் தருவார்?

பெருந்திட்டங்கள் நமக்குப் புதியவையும் அல்ல. ஒலுவில் துறைமுகத்தைப் பாருங்கள். டென்மார்க் கடனில் கட்டி, 2013இல் ஆரவாரமாகத் திறந்தார்கள். வாசலை மணல் மூடியது. படகுகள் போகவும் வரவும் முடியாமல் தவித்தன. வடக்கே கரையைக் கடல் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, மீனவர் தோணி வைத்த இடமே இல்லாமல் போனது. கல்லைக் கொட்டினார்கள், அரிப்பு நிந்தவூர் பக்கம் நகர்ந்தது. நட்டம் யாருக்கு என்று கேட்டால் கொழும்பில் பதில் சொல்ல ஆளில்லை. ஒரு துறைமுக வாசலின் மணலை அள்ளிச் சீராக வைத்திருக்க முடியாத நிர்வாகம், பல்லாயிரம் ஆண்டு காவல் தேவைப்படும் அணுக்கழிவை எப்படிக் காக்கும்?

பணமும் இருக்கிறதா? பங்களாதேசின் ரூப்பூர் நிலையத்துக்கு 1,265 கோடி டொலர் செலவு. அதில் பத்தில் ஒன்பது பங்கு ரஷ்யக் கடன். 2022இல் கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை என்று அறிவித்த நாடு நாம். இன்னொரு பக்கம், 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்கலங்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே மக்களைக் கேட்டது. கிடைக்கிற வெயில் மின்சாரத்தைச் சேமிக்க மின்கலத் தொகுதி இல்லை, கடத்த வலையமைப்புப் போதாது. செலவழிக்க வேண்டிய இடம் அது.

2012இல் கூடங்குளம் அணு உலையால் இலங்கைக்கு ஆபத்து என்று அன்றைய மின்சக்தி அமைச்சர் பாட்டலி சம்பிக்க ரணவக்க கவலை எழுப்பினார். அந்தக் கவலை நியாயமானது. அக்கரையில் இருந்தால் ஆபத்து, நம் கரையில் என்றால் அபிவிருத்தியா? கூடங்குளத்தை எதிர்த்த இடிந்தகரை மக்கள் மீது 2012 செப்டம்பரில் பொலிஸார் பாய்ந்ததையும், மணப்பாட்டில் ஒரு மீனவர் சுடப்பட்டு இறந்ததையும் மறக்கவில்லை. இங்கே அந்த நிலை வரக்கூடாது.

தேர்தல் காலத்தில் வாசல் வாசலாக வந்த நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் இப்போது எங்கே? கட்சி பார்க்காமல் அவர்கள் வாய் திறக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது இது: பரிசீலிக்கப்படும் இடங்களின் பட்டியலையும் ஆய்வறிக்கைகளையும் தமிழில் வெளியிடட்டும். கரையோரப் பிரதேச செயலகங்கள் தோறும் மக்கள் கருத்தைக் கேட்கட்டும். அதுவரை கிழக்குக் கரையில் இடத்தேர்வு வேலைகள் அனைத்தையும் நிறுத்தட்டும். சம்பூர் அனல் மின் திட்டம் மக்கள் எதிர்ப்பால் 2016இல் கைவிடப்பட்டது. அன்று முடிந்தது இன்றும் முடியும்.